இரண்டாம் அறை ரோஜாக்கள்

இரண்டாம் அறையில் ரோஜா மொட்டுகள் அத்தனையும் விரிந்துவிட்டிருந்தன.

பார்க்க அழகாகத்தான் இருந்தன. பூ வியாபாரி ஒரு பெட்டியைத் திறந்தார். மூடினார். அடுத்ததைத் திறந்தார். மொட்டாக இருக்கும்வரைதான் ரோஜாவுக்கு விலை. கிடங்கிலேயே விரிந்துவிட்டால் கடைக்குப் போய்ச் சேருமுன் உதிர்ந்துவிடும். நாலைந்து பெட்டிகளுக்குப் பிறகு அவர் திறப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்குல்ல மேடம்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஜாடியில வைங்க. எல்லாத்தையும்."

குளிர்கிடங்கு மேடத்துடையது. கணவர் போன பிறகு தனியாக நடத்துகிறார். நம்பி ஏமாந்த கதைகள் அவரிடம் நிறைய உண்டு என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் ஒன்றையும் சொன்னதில்லை. பின்னால் நின்ற சர்வர்காரர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாம் ரூம் டெம்பரேச்சர் வேணும். சனிக்கிழமையிலேருந்து. இப்பவே."

கிடங்கில் இரண்டு அறைகள். இரண்டுக்கும் ஒரே அளவு குளிர், தனித்தனிக் கம்ப்ரசர். ஒவ்வோர் அறையின் சுவரிலும் விரல் நீளத்தில் ஒரு சென்சார். அதன் ஒயர் மாடி அலுவலகம் வரை போய், சர்வர் என்று எல்லோரும் சொல்லும் கறுப்புக் கணினியில் முடியும். வெப்பத்தைக் குறித்துக்கொண்டே இருப்பதும், ஏறினால் அலாரம் அடிப்பதும் அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதால் அவர் சர்வர்காரர். அதில் அவர் போட்டிருந்த இயங்குதளம் ஓப்பன் சோர்ஸ். காசில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். முதன்முதலில் அதைச் சொன்னபோது மேடம், "சும்மா குடுக்கிறான்னா எதுக்குக் குடுக்கிறான்?" என்று கேட்டார். அவர் நெடுநேரம் விளக்கினார். பால் கெட்டுவிட்டதா என்று மோந்து பார்க்கிறவர் முகத்தோடு மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாடியில் மூவரும் திரையைப் பார்த்தார்கள். இரண்டாம் அறையின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடியது. ஒன்றாம் அறையின் கோடு ஞாயிறு பிற்பகலில் குன்றுபோல் ஏறி, மாலைவரை மேலேயே நின்று, பிறகு தானாக இறங்கியிருந்தது.

கீழே போய் ஒன்றாம் அறையைத் திறந்தார்கள். அங்கே இருந்தவை கார்னேஷன் மொட்டுகள். ஒவ்வொன்றும் மூடிய முஷ்டி மாதிரி இறுக்கமாக இருந்தது.

சூடேறிய அறையில் பூ கெடவில்லை. சூடேறாத அறையில் கெட்டிருக்கிறது. இதைக் கொஞ்ச நேரம் மூவரும் தனித்தனியாக மென்றார்கள். முதலில் விழுங்கியவர் வியாபாரி.

"ரூம் கெடல மேடம். பூதான் கெட்டிருக்கு. அப்படின்னா, இது இந்த ரூம்ல இருந்த பூவே இல்ல."

"ஸ்டிக்கர் உங்களோடதுதானே?"

"ஸ்டிக்கர பிச்சி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல மொட்டு எங்கயோ போயிருக்கு. விரிஞ்சது உள்ள வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாவி யார்கிட்ட?"

மேடம் சர்வர்காரரைப் பார்த்தார். வியாபாரியும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கில் இருப்பவன் கம்ப்ரசர் மெக்கானிக் ஒருவன்தான். சர்வர்காரரின் மனைவிக்குத் தம்பி. அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டது அவர்தான்.

மேடம் மாடிக்குத் திரும்பி அவனைக் கூப்பிட்டனுப்பினார். மச்சினன் கையைக் கந்தலில் துடைத்தபடி மாடிப்படி ஏறி வந்தான். வரும்போது சிரித்துக்கொண்டு வந்தான். கதவருகே சிரிப்பைக் கழற்றி வைத்தான்.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுது மேடம். ஒண்ணாம் ரூம்னு காட்டுச்சு. ஓடிப்போய்த் திறந்தேன். உள்ள ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஒண்ணாம் கம்ப்ரசரும் ஓடிட்டுதான் இருந்துச்சு. சென்சார் பொய் சொல்லுதுன்னு அலாரத்த அமுக்கிட்டேன்."

"நீயா அமுக்கினியா?"

மச்சினன் தன் அத்தானைப் பார்த்தான். பார்த்தது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்த நேரம். 'சென்சார் கோளாறா இருக்கும் மாப்ள, அமுக்கிட்டு விடு, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்' என்று சர்வர்காரர்தான் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னபோது அது நல்ல யோசனையாக இருந்தது. மேடத்தின் மேசைக்கு எதிரே நின்று நினைத்துப் பார்க்கும்போது அப்படி இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நானாதான் அமுக்கினேன்," என்றான் மச்சினன்.

"ரெண்டாம் ரூமைத் திறந்து பார்த்தியா?"

"அது அடிக்கலியே மேடம். தேவையில்லாம திறந்தா குளிர் போகும்னு நீங்கதானே திட்டுவீங்க."

"ரெண்டாம் கம்ப்ரசர் ஓடுச்சா?"

"கவனிக்கல. ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓயும். அது எப்பவும் அப்படித்தான்."

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல."

கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டான்.

மேடம் வாசல் கேமராவைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஞாயிறு மதியம் ஒரு வெள்ளை வேன் உள்ளே வந்தது. பின்பக்கமாகத் திரும்பி முற்றத்துக்குள் போனது. சாயங்காலம் வெளியே வந்தது. முற்றத்தில் கேமரா இல்லை.

"இது யாரும் இல்லையா?" என்றார் மேடம்.

"தெரிஞ்சவங்க மேடம். சும்மா வந்தாங்க."

"வேன் எடுத்துக்கிட்டு சும்மா வருவாங்களா?" என்று வியாபாரி கேட்டார். "எங்க வீட்டுக்கெல்லாம் நடந்துதான் வர்றாங்க."

மச்சினன் தரையைப் பார்த்தான். மேடம் கையை நீட்டினார். அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். பூ எங்க போச்சுன்னு நீயா வந்து சொன்னா, வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். சொல்லலேன்னா நான் ஸ்டேஷனுக்குப் போவேன்." பிறகு சர்வர்காரரிடம், "அந்த ஒண்ணாம் ரூம் சென்சாரை மாத்திடுங்க. அதுவும் பொய் சொல்லுது," என்றார்.

'அதுவும்' என்ற சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு போனார் சர்வர்காரர்.

மனைவி வாசலோரம் கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறை சின்னது, கதவோரம்தான் காற்று வரும். அவர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"உன் தம்பி ஞாயித்துக்கிழமை ஏதாவது சொன்னானா?"

"என்ன சொல்லணும்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கிறவரு ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்க மாட்டாரு."

அவர் நடந்ததைச் சொன்னார். அலாரம் பற்றிய தன் பங்கை விட்டுவிட்டுச் சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என் தம்பி திருடன்னு சொல்றீங்களா, இல்ல கேக்கிறீங்களா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப மூணாவதா ஒண்ணு இருந்தா அதச் சொல்லுங்க."

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த வேன்ல போனது தையல்கடை அக்காவோட பிரிட்ஜ். கேஸ் தீர்ந்துபோச்சாம். வெளியில கொடுத்தா அநியாயமா கேக்கிறாங்கன்னாங்க. நான்தான் இவன்கிட்ட சொன்னேன். வேலை நேரத்துல சொந்த வேலை செஞ்சா உங்க மேடம் தோலை உரிச்சிடுவாங்கல்ல, அதான் மூடிக்கிட்டு இருக்கான். என் பேர இழுக்கக் கூடாதுன்னும் இருப்பான்."

அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் வாசலிலேயே நின்றது. அக்கா தம்பிக்காகச் சொல்கிற கதையாக இருந்தால்? கேட்ட வேகத்தில் பிரிட்ஜ் எப்படிக் கிடைத்தது இவளுக்கு? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் முகத்தை அவர் ஓரக்கண்ணால் அளந்தார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தால்தானா என்றும் ஒரு கணம் யோசித்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் தையல்கடையில் நின்றார். பழைய சட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தார்; பித்தான் வைக்க வேண்டும் என்றார். கடையின் மூலையில் பச்சை நிற பிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் கதவைத் திறந்தார். குளிர்ந்திருந்தது. ஒரு பாட்டில் தண்ணீரும் பாதி எலுமிச்சையும் இருந்தன.

"என்ன சார், உள்ள எதைத் தேடுறீங்க?" என்றாள் தையல்காரி. "சட்டைத் துணி எல்லாம் வெளியிலதான் வைப்போம்."

"நல்லா வேலை செய்யுதான்னு பார்த்தேன்."

"உங்க மச்சினர் கை வச்சா செய்யாம என்ன. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கொண்டாந்து இறக்கிட்டார்."

வெளியே வந்தபின்தான் தோன்றியது: பிரிட்ஜை ஏற்றிய வேனில் பூப்பெட்டியையும் ஏற்றலாம். சந்தேகத்துக்குத் தின்னக் கொடுத்தால் அது அடங்கும் என்று நினைத்திருந்தார். அது அடுத்த கவளத்துக்குக் கைநீட்டியது.

கிடங்குக்குப் போனதும் புதுச் சென்சாரை எடுத்துக்கொண்டு ஒன்றாம் அறைக்குள் நுழைந்தார். மூச்சு புகைந்தது. கழற்றுமுன் பழையது உண்மையிலேயே பழுதுதானா என்று பார்க்க நினைத்தார். அது அவர் வழக்கம். நல்ல பொருளைத் தூக்கி எறிய மனம் வராது. சென்சாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். மறு கையில் கைப்பேசி. சர்வர் காட்டும் இரண்டு எண்களும் அதில் தெரிந்தன. கைச்சூட்டுக்கு ஒன்றாம் அறையின் எண் ஏற வேண்டும்.

ஏறவில்லை.

செத்துப்போன சென்சார்தான் என்று கையை எடுக்கப் போனார். அப்போது கீழே இருந்த எண் நகர்ந்தது. மூன்று. ஐந்து. ஒன்பது. அது இரண்டாம் அறையின் எண்.

கையை எடுத்தார். எண் இறங்கியது. மறுபடி பொத்தினார். இரண்டாம் அறை மறுபடி ஏறியது. அவர் நின்றுகொண்டிருந்தது ஒன்றாம் அறையில். கதவைத் திறந்து வெளியே வந்து, மேலே எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் பார்த்தார்.

குளிரில் நிற்க நிற்க அவருக்கு எல்லாம் தெளிந்தது. தெளியத் தெளிய வியர்த்தது.

ஒவ்வொரு சென்சாரின் ஒயரும் சர்வரில் சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் அடாப்டர் உண்டு. இரண்டையும் ஒரே கடையில் மலிவாக வாங்கியிருந்தார். நல்ல அடாப்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொடர் எண் இருக்கும். இவற்றுக்கு ஒரே எண். அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள். பிரித்துச் சொல்ல வழியில்லாத இயங்குதளம், வகுப்புக்குள் முதலில் நுழைகிறவனை மூத்தவன் என்று எழுதிக்கொள்ளும் வாத்தியார் மாதிரி, கணினி விழிக்கும்போது முதலில் குரல் கொடுத்ததற்கு முதல் பெயர், பிந்தியதற்கு அடுத்த பெயர் என்று வைத்துவிடும். அமைத்த அன்றைக்கு ஒன்றாம் அறை முந்திக்கொண்டது. முதல் பெயர் ஒன்றாம் அறை, அடுத்த பெயர் இரண்டாம் அறை என்று அவர் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அணைத்துப் போட்டாயிற்று. வரிசை மாறியதே இல்லை. சனிக்கிழமை மாலை வீட்டிலிருந்தபடியே அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தார். அன்றைக்கு மாறியிருக்கிறது.

அப்படியென்றால் ஞாயிறன்று சூடேறியது இரண்டாம் அறை. கம்ப்ரசர் சூடாகித் தானாக நின்று, ஆறியபின் தானாக ஓடியிருக்கிறது. அலாரம் ஒன்றாம் அறை என்று கூவியிருக்கிறது. மச்சினன் ஒன்றாம் அறைக்கு ஓடியிருக்கிறான். உள்ளே ஐஸ் மாதிரித்தான் இருந்திருக்கும். ஒருவரும் ஒரு பூவையும் தொடவில்லை.

மாடிக்குப் போய் சர்வரின் முன் உட்கார்ந்தார். தீர்வு சின்னது. பெயரைப் பார்க்காதே, எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்று பார் என்று இரண்டு வரி எழுதினால் போதும். எழுதினார். சேமிக்கும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

சேமித்துவிட்டுக் கீழே போய், சென்சாரை மாற்றியாச்சு மேடம் என்று சொல்லலாம். எல்லாம் சரியாக இருக்கும். பழைய கோடுகள் பழைய மாதிரியே இருக்கும். யாரும் திறந்து படிக்கலாம் என்றுதான் இந்த இயங்குதளத்தைப் புகழ்ந்தார். இந்தக் கிடங்கில் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மச்சினனுக்கு வேறு வேலை கிடைக்கும். நல்ல கைக்காரன். ஸ்டேஷன் என்று மேடம் சும்மா மிரட்டியிருப்பார்.

கீழே முற்றத்தில் பேச்சுக்குரல் கேட்டது. மச்சினன் வந்துவிட்டான். சாயங்காலம் வரை அவன் காத்திருக்கவில்லை.

எழுதிய இரண்டு வரியையும் அழித்தார். திருத்திவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

மேடம், வியாபாரி, மச்சினன் மூவரும் மாடிக்கே ஏறி வந்தார்கள். வியாபாரி நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சினன் கதவோரம் நின்றான்.

"பிரிட்ஜ் ரிப்பேர் பண்ணினேன் மேடம்," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "அது தப்பு. பூ எனக்குத் தெரியாது. ஸ்டேஷனுக்குப் போறதுன்னா போங்க. நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

"மேடம்," என்றார் சர்வர்காரர். "அலாரத்த அமுக்கச் சொன்னது நான்."

மேடம் நிமிர்ந்தார்.

"அவன் எனக்கு போன் பண்ணினான். நான்தான் சொன்னேன். அதோட, கெட்டது ரெண்டாம் ரூம்தான். சர்வர் ரெண்டு ரூம் பேரையும் மாத்திச் சொல்லியிருக்கு. தப்பு நான் எழுதினது."

விளக்கினார். இரட்டைப் பிள்ளைகள், வாத்தியார், வரிசை. மேடம் இடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிந்த பிறகும் கேட்கவில்லை. வியாபாரிதான் சிரித்தார்.

"நேத்து பொருள் காணாம போச்சு. இன்னிக்குக் கதை கிடைச்சிருக்கு. வீட்டுல உக்காந்து நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க ரெண்டு பேரும்."

"நேத்தே ஏன் சொல்லல?" என்றார் மேடம்.

"சென்சார் விஷயம் இப்பதான் தெரியும்."

"போன் விஷயம்?"

மச்சினன் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க, கண்ணால பாருங்க மேடம். இப்பவும் மாறித்தான் இருக்கு."

"நீங்க காலையில மாத்தி வச்சிருந்தா?" மேடத்தின் குரல் உயரவில்லை. "யாரு வேணா மாத்தலாம்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப நீங்களும் மாத்தலாம்ல? மச்சினனுக்காக."

உண்மையை ஒரு உறவுக்காரன் சொன்னால் அது எவ்வளவு பொய்யாக ஒலிக்கும் என்று அவர் அதுவரை யோசித்ததில்லை.

"சரி. அணைச்சுப் போடுறேன். நான் ஒண்ணும் எழுத மாட்டேன். நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க."

மேடம் ஒத்துக்கொண்டார். ஆனால் ஏற்பாட்டை அவரே செய்தார். ஒன்றாம் அறையில் சென்சாரைப் பிடிக்க மச்சினன் கூடாது. வியாபாரி போகட்டும், அவருக்குத்தான் யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியமில்லை. வியாபாரி மேடத்தின் கைப்பேசிக்கு அழைத்து, பேச்சைத் துண்டிக்காமல் உள்ளே போனார்.

சர்வர்காரர் ரீஸ்டார்ட் கொடுத்தார். திரை இருண்டு, எழுத்துகள் ஓடி, எண்கள் வந்தன.

"பிடிங்க," என்றார் மேடம் போனில்.

ஒன்றாம் அறையின் எண் ஏறியது.

மேடம் அவரைப் பார்த்தார். சர்வர்காரர் மறுபடியும் விசைப்பலகைக்குக் குனிந்தார். "இன்னொரு தடவை," என்றார்.

இன்னொரு தடவையும் ஒன்றாம் அறைதான் ஏறியது. அடுத்த தடவையும் அதுதான். காலையில் தலைகீழாக இருந்தது, இப்போது நல்ல பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

"மேடம், இங்க இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நானே மொட்டாயிடுவேன்," என்றது போன்.

"சரியாத்தானே இருக்கு," என்றார் மேடம். யாரிடமும் சொல்லாத மாதிரி சொன்னார்.

மச்சினன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான். அத்தானைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு மெஷினைத் திறந்து, எந்த இடத்தில் கோளாறு என்று தேடும்போது பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். எனக்காகப் பொய் சொல்கிறாரா, இல்லை என்னை இன்னும் ஆழமாகத் தள்ளுகிறாரா என்று தேடுகிறான். அவர் தாமாகவே அதைப் படித்துக்கொண்டார்.

"கடைசியா ஒரு தடவை மேடம்."

"இது கடைசிதான்." மேடத்தின் கைப்பேசி பீப் என்றது. சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. பேச்சு அறுந்துவிடக் கூடாதே என்று மேசையில் கிடந்த ஒயரை எடுத்துக் கைப்பேசியில் மாட்டினார். மறு முனையை எதையும் தேடாமல், கை பழகின மாதிரி, சர்வருக்குப் பக்கத்தில் இருந்த ஹப்பில், ஒரே ஒயரைப் பல துளைகளாகப் பிரிக்கும் சின்னப் பெட்டியில், சொருகினார். இரண்டு சென்சார் அடாப்டர்களும் இருந்த அதே ஹப். அதில் ஒரு துளை காலியாக இருந்தது.

சர்வர்காரரின் விரல் விசைப்பலகையின் மேல் நின்றது.

"எப்பவும் இதுலதான் சார்ஜ் போடுவீங்களா மேடம்?"

"சாயங்காலத்துல எப்பவாவது. கரண்ட் போனாலும் இதுக்குப் போகாதுல்ல. ஏன்?"

"சனிக்கிழமை?"

மேடம் தான் சொருகிய ஒயரைப் பார்த்தார். சர்வர்காரர் ரீஸ்டார்ட் கொடுத்தார். திரை இருண்டது. எழுத்துகள் ஓடின. எண்கள் வந்தன.

"பிடிங்க," என்று மேடமே சொன்னார்.

ஒன்றாம் அறையின் எண் அசையவில்லை. இரண்டாம் அறையின் எண் நகர்ந்தது. மூன்று. ஆறு. பத்து.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பின்ன என்ன, முத்தமா குடுக்கிறேன்? பிடிச்சிட்டுதான் இருக்கேன்."

"எந்த ரூம்ல?"

"ஒண்ணாம் ரூம்தான் மேடம். உங்க கார்னேஷனெல்லாம் என்னையே பார்த்துக்கிட்டு இருக்கு."

மேடம் நெடுநேரம் அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு கைப்பேசியிலிருந்து ஒயரை மெல்லக் கழற்றினார், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி.

"ஹப்புக்குப் போற கரண்ட் கொஞ்சம்தான்," என்றார் சர்வர்காரர். "போன் இழுத்துக்கிச்சுன்னா முதல் அடாப்டர் எழுந்திரிக்க லேட்டாகும். ரெண்டாவது முந்திக்கும். காலையில வரைக்கும் சனிக்கிழமை போட்டதுதான் ஓடிச்சு. அதான் மாறியே இருந்துச்சு." சற்று நிறுத்தி, "போன் மேல தப்பில்ல. போன் போட்டாலும் மாறாத மாதிரி நான் எழுதியிருக்கணும்," என்றார்.

"தெரியுது," என்றார் மேடம். எது தெரிகிறது என்று சொல்லவில்லை. போனை எடுத்து, "வெளிய வாங்க. நஷ்டத்தை நான் பார்த்துக்கிறேன். வாங்க பேசலாம்," என்றார். இழுப்பறையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். மச்சினனின் கையில் கொடுக்கவில்லை. மேசை விளிம்பில் வைத்தார்.

"பிரிட்ஜெல்லாம் இங்க வேண்டாம்," என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து வந்தது. கீழே போய்விட்டார்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சாவிக்கொத்து மேசையில் கிடந்தது. சர்வர்காரர் காலையில் அழித்த இரண்டு வரிகளை மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றான் மச்சினன். "போன் பண்ணினேன்னு?"

"இல்ல."

"தையல்கடைக்குப் போனீங்களாமே."

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

"பிரிட்ஜைத் திறந்து பார்த்தீங்களாம். அந்த அக்கா போன் பண்ணிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. உன் அத்தான் உள்ள எலுமிச்சம்பழத்த எண்ணிட்டுப் போறாருன்னு." அவன் சிரிக்கவில்லை. "உள்ள ரோஜா இருக்கும்னு நினைச்சீங்களா அத்தான்?"

"மாப்ள, நான்..."

"எழுதுங்க. எழுதி முடிங்க."

அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். திரையில் இருந்தது அவனுக்குத் தெரியாத பாஷை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தான். இது என்ன என்றான். துளையின் முகவரி என்றார். இது? அந்தத் துளைக்கு நாம் வைக்கிற பெயர். இந்தப் புள்ளி எதுக்கு? அது இல்லாவிட்டால் வேலை செய்யாது. முழு வரியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். அவர் படித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யார் முன்னாலும் அப்படிப் படித்ததில்லை.

சேமித்தார். மச்சினன் தன் கைப்பேசியை எடுத்து, ஹப்பிலிருந்து தொங்கிய அதே ஒயரில் தானே மாட்டினான். அவர் அணைத்துப் போட்டார். எண்கள் வந்ததும் அவன் அவரிடம் கையை நீட்டினான்.

"உங்க போனக் குடுங்க."

கொடுத்தார். மேசையில் கிடந்த சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டு அவன் படியிறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில், ஹப்பில் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய கைப்பேசி அடித்தது. எடுத்தார். குளிர்விசிறியின் இரைச்சல் கேட்டது. அது எந்த அறை என்று இரைச்சலை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் இரையும்.

"உள்ள இருக்கேன்," என்றான் மச்சினன். "சென்சாரப் பிடிச்சிருக்கேன். எந்த ரூம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

அவர் திரையைப் பார்த்தார். ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு," என்றார்.

இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மாப்ள? ரெண்டுதானே?"

"அணைச்சுப் போடுங்க," என்றான் மச்சினன். "இன்னொரு தடவை."